வீதிக் கார்களின் களம்: பிரித்தானிய சலூன் கார் ஓட்டம் கடந்து வந்த பாதை

மோட்டார் கார் ஓட்டப் போட்டி என்றவுடன் எம்மவரில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது போர்மியூலா வன் மட்டுமே. கோடிக்கணக்கான டொலர் செலவில் உருவாக்கப்படும் அந்தக் கார்களை எவரும் வீதியில் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. அதற்கு அப்பால் இன்னொரு களம் இருக்கிறது. அங்கே ஓடுபவை, நாமும் நமது அயலவர்களும் வேலைக்குச் செல்லவும் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிடவும் பயன்படுத்தும் கார்களின் உருவத்தைக் கொண்டவை. ரூரிங் கார் ஓட்டம் என்று இன்று அழைக்கப்படும் இப்போட்டி, ஒரு காலத்தில் சலூன் கார் ஓட்டம் என்றே அறியப்பட்டது.

இவ்வகைப் போட்டிகளுள் நீண்ட ஆயுளைக் கொண்டது பிரித்தானிய ரூரிங் கார் சம்பியன் பட்டப் போட்டி. அண்மைய ஆண்டுகளில் அது ஏப்ரல் மாதத்தில் டொனிங்ரன் பார்க் ஓடுபாதையில் தொடங்கி, ஒக்டோபரில் கென்ற் மாவட்டத்தின் பிரான்ட்ஸ் ஹச் ஓடுபாதையில் நிறைவடைந்து வந்துள்ளது. 10 வார இறுதிகள், வார இறுதிக்கு 3 ஓட்டங்கள், மொத்தம் 30 ஓட்டங்கள் என்பது 2025 வரையிலான கணக்கு. புதிய பருவகாலம் நெருங்கும்போது யார் வெல்வார் என்று ஆரூடம் கூறுவோர் பலர் உள்ளனர். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். இப்போட்டி எப்படிப் பிறந்தது, எப்படிக் கொழுத்தது, எப்படிச் சாகும் நிலைக்கு வந்தது, எப்படிப் பிழைத்தது என்ற வரலாறே எனக்குச் சுவையானதாகத் தோன்றுகிறது. வரும் பருவகாலத்தைப் புரிந்துகொள்ளவும் அதுவே உதவும்.

1958 என்றவுடன் இலங்கைத் தமிழர் மனதில் எழும் நினைவு வேறு. அதே 1958 இல் பிரித்தானியாவில் முதலாவது சலூன் கார் சம்பியன் பட்டப் போட்டி நடைபெற்றது. எஞ்சின் அளவுப்படி கார்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வகுப்பிலும் பெறும் இடத்துக்கே புள்ளிகள் வழங்கப்பட்டன. ஆண்டு இறுதியில் இருவர் சம புள்ளிகளுடன் நின்றனர். ஒருவர் நோர்போக் பகுதியைச் சேர்ந்த விவசாயி ஜக் சியர்ஸ். அவர் ஓட்டியது ஒஸ்ரின் ஏ105 வெஸ்ற்மின்ஸ்ரர். மற்றவர் விமானத்துறை முன்னோடியான சேர் தோமஸ் சொப்வித்தின் மைந்தர் ரொமி சொப்வித். அவர் ஓட்டியது ஜகுவார் 3.4.

நாணயத்தைச் சுண்டிச் சம்பியனைத் தீர்மானிக்கலாம் என்று முதலில் ஓர் யோசனை முன்வைக்கப்பட்டது. ஓட்டுநர்கள் இருவருமே அதை விரும்பவில்லை. இறுதியில் ஒரே மாதிரியான இரண்டு ரைலி 1.5 கார்கள் பிரான்ட்ஸ் ஹச்சுக்குக் கொண்டுவரப்பட்டன. தலா 5 சுற்றுகள் கொண்ட இரண்டு ஓட்டங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் இருவரும் கார்களை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு. முதல் ஓட்டத்தில் சொப்வித் முந்தினார். இரண்டாவதில் சியர்ஸ் முந்தினார். கூட்டிப் பார்த்தபோது 1.6 செக்கன் வித்தியாசத்தில் சியர்ஸ் சம்பியனானார்.

இந்தச் சிறு சம்பவத்தை நான் விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. காரின் விலையையும் ஓட்டுநரின் பின்னணியையும் ஒதுக்கிவைத்து, இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி என்ற கேள்வி முதலாவது ஆண்டிலேயே எழுந்துவிட்டது. அதன்பின் கடந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் வரலாறு முழுவதும் அந்த ஒரே கேள்விக்கு மாறி மாறி அளிக்கப்பட்ட விடைகளின் தொகுப்பே எனலாம்.

முதல் விடை வகுப்பு முறையாகும். அதன்படி சிறிய காரும் நாட்டின் சம்பியனாகலாம். 1960 இல் பட்டத்தை வென்றது ஓர் ஒஸ்ரின் ஏ40. யாழ்ப்பாணத்துத் தரிப்பிடங்களில் வாடகைக்கு நின்ற 'ஏ போர்ட்டி'யின் பெயரையே அதுவும் தாங்கியிருந்தது. உருவம் மட்டும் புதியது. 1961 இல் ஜோன் விற்மோர் மினி காரில் வென்றார். 1964 இல் லோட்டஸ் கோர்ட்டினா காரை ஓட்டி வென்றவர், அதற்கு முந்திய ஆண்டில் போர்மியூலா வன் உலகச் சம்பியனாகியிருந்த ஜிம் கிளார்க். உலகச் சம்பியன் ஒருவர் ஓய்வு நாட்களில் குடும்பக் காரொன்றை ஓட்டிப் போட்டியிட்ட காலம் அது.

1970, 1971, 1972 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாகப் பட்டத்தைத் தனதாக்கிக் கொண்டது சன்பீம் இம்ப் என்ற, ஒரு லீற்றர் எஞ்சின் கொண்ட சின்னஞ்சிறு கார். அதை ஓட்டியவர் பில் மக்கவர்ன். அதே தடத்தில் அமெரிக்காவின் பாரிய எஞ்சின் கார்கள் முன்னே உறுமிச் சென்றுகொண்டிருந்தன. 1982 இல் வின் பேர்சியும், 1986, 1987 இல் கிறிஸ் ஹொட்ஜெட்ஸும் ரொயோட்டா கொரோலாவில் சம்பியன்களாகினர். கொரோலா என்பது இலங்கையின் எந்தத் தெருவிலும் காணத்தக்க கார்.

எம்மவர்க்கு இக்கார்களின் பெயர்கள் அந்நியமானவை அல்ல. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இங்கிலாந்தில் பழம்பொருட்களாகிவிட்ட பின்னரும் வடபகுதியில் அவை ஓடிக்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலில் இயக்கித் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிச் செல்லப்பட்டவை அவை. ஓடுபாதையில் ஒரு காரின் வேகம் சோதிக்கப்படலாம். அதன் உழைப்பையும் பொறுமையையும் சோதித்த களம் எங்களுடையது. ஒரு பொறியியல் படைப்பு எத்தகையது என்பதை அதை உருவாக்கியவர்கள் எண்ணிப் பார்த்திராத இடங்களே பல வேளைகளில் காட்டிக்கொடுக்கின்றன.

வகுப்பு முறைக்கு ஒரு குறை இருந்தது. முன்னால் ஓடி வந்தவர் ஒருவர், பட்டம் பெற்றவர் இன்னொருவர் என்ற நிலை பார்வையாளரைக் குழப்பியது. 1989 இல் அன்டி ரவுஸ் போர்ட் சியாரா காரில் ஓட்டத்துக்கு ஓட்டம் முதலாவதாக வந்தார். ஆனால் சிறிய வகுப்பில் வொக்ஸ்ஹோல் அஸ்ட்ராவை ஓட்டிய ஜோன் கிளிலன்டே சம்பியனாக அறிவிக்கப்பட்டார். கணக்குப்படி அது நியாயமே. எனினும் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அதை விளக்குவது எளிதன்று.

விதி மீறல் குறித்த சர்ச்சைகளும் அக்காலத்தில் இருந்தன. 1983 இல் ரோவர் கார்கள் பெற்ற வெற்றிகள் பின்னர் செல்லாதவை எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, ஸ்ரீவ் சோப்பரின் கைக்கு எட்டியிருந்த பட்டம் அல்பா ரோமியோவை ஓட்டிய ரவுஸுக்குச் சென்றது. ஓடுபாதையில் முடிந்த பருவகாலம் விசாரணை மேசையில் மீண்டும் ஒருமுறை முடிந்தது.

ஆகவே இரண்டாவது விடை தேடப்பட்டது. 1991 முதல் எல்லாக் கார்களுக்கும் 2 லீற்றர் எஞ்சின் என்ற ஒரே வகுப்பு நடைமுறைக்கு வந்தது. இனி முதலில் வருபவரே வெற்றியாளர். இந்த எளிமை மந்திரம்போல் வேலை செய்தது. 'சுப்பர் ரூரிங்' என்று பெயர் பெற்ற இந்த விதிமுறை ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் பின்பற்றப்பட்டது. பி.எம்.டபிள்யூ, வொக்ஸ்ஹோல், ரொயோட்டா, நிசான், போர்ட், ரெனோ, வொல்வோ, அல்பா ரோமியோ, ஹொண்டா, அவுடி, பேஜோ என உற்பத்தியாளர்கள் திரண்டு வந்தனர். ஞாயிற்றுக்கிழமை வென்றால் திங்கட்கிழமை விற்கலாம் என்பது கார் வியாபாரிகளின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இதைவிடச் சிறந்த மேடை வேறு அமைந்ததில்லை.

1992 ஆம் ஆண்டின் இறுதி ஓட்டம் சில்வர்ஸ்ரனில் நடைபெற்றது. பட்டத்துக்கு அருகில் நின்ற கிளிலன்டும் சோப்பரும் மோதிக்கொண்டு வெளியேற, சோப்பரின் அணியைச் சேர்ந்த ரிம் ஹார்வி சம்பியனானார். மோதல் தற்செயலா திட்டமா என்று இன்றும் விவாதிப்போர் உண்டு. பி.பி.சி தொலைக்காட்சியில் மறே வோக்கரின் வர்ணனையுடன் அதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

1994 இல் வொல்வோ நிறுவனம், பொருட்களையும் வீட்டு நாயையும் ஏற்றிச் செல்லும் 850 எஸ்ரேற் காரையே களத்தில் இறக்கி எல்லோரையும் வியக்க வைத்தது. அதே ஆண்டில்தான் முதலாவது எச்சரிக்கை மணியும் ஒலித்தது. அல்பா ரோமியோ தனது 155 காரின் சிறப்பு மாதிரி ஒன்றை விற்பனைக்கு விட்டது. காற்றழுத்தத்தைக் கூட்டும் முன்தகட்டையும் பின்னிறக்கையையும் உயர்த்திப் பொருத்துவதற்கான உதிரிப்பாகங்கள் வாங்குபவருக்கு டிக்கிக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டன. 2,500 கார்கள் தயாரிக்கப்பட்டால் அந்த மாதிரி ஓட்டத்துக்கு ஏற்றது என்பதே விதி. அந்த விதியின் எழுத்தை இத்தாலியர் மீறவில்லை. அதன் ஆவியைக் கொன்றுவிட்டனர் என்று போட்டியாளர்கள் கொதித்தனர். முறைப்பாடுகள் எழுந்தன, ஒரு கட்டத்தில் ஓல்ரன் பார்க்கிலிருந்து அல்பா அணி வெளிநடப்புச் செய்தது. ஆண்டு முடிவில் பட்டம் அந்த அணியின் கப்ரியேலே தர்க்கீனிக்கே கிடைத்தது.

அதன்பின் செலவுப் போட்டி தொடங்கியது. ஒரு தரப்பு காற்றுச் சுரங்கத்தில் சோதனை நடத்தினால் மற்றத் தரப்பும் நடத்தியே ஆகவேண்டும். 1995 இல் ரெனோ கார்களை இயக்கியது போர்மியூலா வன் புகழ் வில்லியம்ஸ் நிறுவனம். 1998 இல் முன்னாள் உலகச் சம்பியன் நைஜல் மன்செல் சில ஓட்டங்களில் போர்ட் மொண்டியோவை ஓட்டினார். வெளியே பார்த்தால் அவை குடும்பக் கார்கள். உள்ளே, எஞ்சின் தாழ்த்தப்பட்டுப் பின்தள்ளப்பட்டு, ஒவ்வொரு பாகமும் புதிதாக வடிக்கப்பட்டிருந்தது. வீதிக் காருக்கும் ஓடுபாதைக் காருக்கும் எஞ்சிய உறவு கூரையும் கதவுகளும்தான்.

உற்பத்தியாளர் ஒருவர் வெல்ல வேண்டுமென்றால் மற்றவர்கள் எல்லோரும் தோற்க வேண்டும். தோற்பதற்காகப் பல மில்லியன் பவுண்களைச் செலவிட எந்த நிறுவனத்தின் கணக்காளரும் நெடுங்காலம் சம்மதிக்கமாட்டார். ஒவ்வொருவராக விலகினர். 2000 ஆம் ஆண்டில் எஞ்சி நின்ற உற்பத்தியாளர்கள் போர்ட், ஹொண்டா, வொக்ஸ்ஹோல் ஆகிய மூவரே. அலன் மெனு போர்ட் மொண்டியோவில் பட்டம் வென்றதும் போர்ட்டும் விடைபெற்றது. 2001 இல் செலவு குறைந்த புதிய விதிகளுடன் தொடங்கிய போட்டியில் முதல்தரக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெற்றிடத்தை நிரப்ப, சாதாரண உற்பத்திக் கார்களின் வகுப்பு ஒன்றும் சேர்த்து ஓடவிடப்பட்டது.

ஜேர்மனியின் கதை இன்னும் கசப்பானது. 1984 இல் அங்கு தொடங்கிய போட்டியின் முதல் சம்பியன் வோல்க்கர் ஸ்ரீற்செக், ஓர் ஓட்டத்தில்கூட முதலாவதாக வராமலே, சீராகப் புள்ளிகளைச் சேர்த்துப் பட்டம் வென்றவர். 1992 இல் எலன் லோர் என்ற பெண் ஓட்டுநர் ஹொக்கன்ஹைமில் மேர்சிடிஸ் காரில் வென்று வரலாறு படைத்தார். இத்தகைய மக்கள் மேடை, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மின்னணுச் சாதனங்களால் நிறைந்த விலையுயர்ந்த கார்களின் கண்காட்சியாக மாறியது. 1996 இல் சர்வதேசப் போட்டி என்ற பெயருடன் ஜப்பானின் சுசுக்கா வரையும் பிரேசிலின் இன்ரர்லாகோஸ் வரையும் சென்றது. அந்த ஆண்டு முடிவில் ஓப்பலும் அல்பா ரோமியோவும் விலக, மேர்சிடிஸ் தனித்து நின்றது. போட்டி மூடப்பட்டது.

2000 இல் அது புத்துயிர் பெற்றது. ஆனால் பாடம் கற்கப்பட்டதா? 2018 முடிவில் மேர்சிடிஸ் விலகியது. 2020 முடிவில் அவுடி விலகியது. பி.எம்.டபிள்யூ ஒன்றை மட்டும் வைத்துப் போட்டி நடத்த இயலாது. 2021 முதல் அங்கு ஓடுவன ஜி.ரி.3 எனப்படும் விளையாட்டுக் கார்கள். பெயர் பழையது, ஆனால் குடும்பக் கார் அங்கே இல்லை. உலகப் பட்டமும் இவ்வாறே நிலைக்கவில்லை. 1987 இல் நடந்த உலகச் சம்பியன் போட்டி ஒரே ஆண்டுடன் முடிந்தது. 2005 இல் மீண்டும் தொடங்கியது 2017 வரை நீடித்தது. அதன் வாரிசாக வந்த உலகக் கிண்ணம் 2022 உடன் நிறைவுற்றது.

பிரித்தானியப் போட்டி மட்டும் ஏன் பிழைத்தது? என் பார்வையில் காரணம் ஒன்றே. பெரிய நிறுவனங்களை நம்பி வாழ்வதை அது கைவிட்டது. அதன் அறிகுறி 1999 இலேயே தென்பட்டது. அப்போது போட்டியை நிர்வகித்த அவுஸ்திரேலியரான அலன் கௌ, உற்பத்தியாளர் ஆதரவற்ற சுயேச்சை ஓட்டுநர் ஒருவர் எல்லோரையும் முந்தி வென்றால் 250,000 பவுண் பரிசு என்று அறிவித்திருந்தார். டொனிங்ரனில் மற் நீல் தனது குடும்பத்துக்குத் தொடர்புடைய அணியின் நிசான் பிரிமேராவில் அதைச் சாதித்தார். 2005 இல் அதே நீல் சுயேச்சையாக நின்று நாட்டின் சம்பியனானார். தேர்தல் களத்தில் கட்சிகளைச் சுயேச்சை வேட்பாளர் தோற்கடிப்பதைப் போன்ற நிகழ்வு அது.

மூன்றாவது விடை 2011 இல் உருவெடுத்தது. புதிய தலைமுறை விதிகளின்படி, கியர் பெட்டி, நிறுத்துகருவி, சக்கரத் தொங்கல் அமைப்பு முதலான விலையுயர்ந்த பகுதிகள் எல்லா அணிகளுக்கும் பொதுவாக்கப்பட்டன. சொந்தமாக எஞ்சின் உருவாக்க வசதியற்ற அணி, அமைப்பாளர்கள் வழங்கும் பொது எஞ்சினை வாடகைக்குப் பெறலாம். 1958 இன் இரண்டு ரைலி கார்களை இங்கே நான் காண்கிறேன். வெவ்வேறு உடல்கள், உள்ளே ஒரே எலும்புக்கூடு.

இதனுடன் வென்றவரைச் சற்றே கட்டிப்போடும் முறையும் நீண்டகாலமாக உண்டு. முன்னணியில் நிற்பவரின் காரில் மேலதிக எடை ஏற்றப்பட்டது. ஒரு காலத்தில் அது 75 கிலோகிராம் வரை சென்றது. மூன்றாவது ஓட்டத்தில் முன்வரிசையினரின் தொடக்க இடங்கள் தலைகீழாக மாற்றப்பட்டன. திறமைக்குத் தண்டனையா என்று கேட்போர் உள்ளனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இந்தச் சுமைகளைத் தாங்கியும் கொலின் ரேர்க்கிங்ரன் 4 தடவைகளும், அஷ் சட்டன் 4 தடவைகளும் பட்டம் வென்று ரவுஸின் எண்ணிக்கையைச் சமப்படுத்தியுள்ளனர். எனவே திறமையை இம்முறை அழித்துவிடவில்லை. பணபலத்தின் வேகத்தையே அது தணித்திருக்கிறது.

இனி எதிர்நோக்கும் ஆபத்து வேறு வகையானது. 2022 இல் எல்லாக் கார்களிலும் மின்கல உதவியுடன் இயங்கும் கலப்புத் தொழில்நுட்பம் புகுத்தப்பட்டது. மூன்று பருவகாலங்களின் பின் அது கைவிடப்பட்டது. 2025 இல் நிலைபேறான எரிபொருளுடன் இலகுவான கார்கள் ஓடின. ஹியுண்டாய் காரில் ரொம் இங்கிரம் தமது இரண்டாவது பட்டத்தை வென்றார். முற்றிலும் மின்சாரத்தில் இயங்கிய சர்வதேச ரூரிங் கார் போட்டியோ 2022 இற்குப் பின் தொடரவில்லை.

ஓடுபாதைக்கு வெளியே நடப்பதுதான் பெரிய மாற்றம். போர்ட் மொண்டியோவின் ஐரோப்பிய உற்பத்தி 2022 இல் முடிந்தது. பியெஸ்ராவின் உற்பத்தி 2023 இல் முடிந்தது. போக்கஸ் காரின் உற்பத்தி 2025 இல் நின்றது. வாங்குபவர்கள் உயரமான எஸ்.யு.வி வாகனங்களை நாடுகின்றனர். 2030 முதல் பெற்றோலில் மட்டும் இயங்கும் புதிய கார்களின் விற்பனையை நிறுத்துவது பிரித்தானிய அரசின் கொள்கை. மக்கள் கார் என்பதையே அடித்தளமாகக் கொண்ட போட்டிக்கு, அந்த மக்கள் கார் உருமாறிப்போனால் அடித்தளம் எங்கே?

விதியை எழுதுவோர் முன் இரு வழிகள் உள்ளன. சந்தையிலிருந்து மறைந்த கார்களின் உருவத்தைப் பேணி, பழைமையின் நினைவில் வாழ்வது ஒன்று. வீதியில் ஓடுவது எதுவோ அதைக் களத்துக்கு அழைத்துவந்து, அதற்கேற்ற தராசைப் புதிதாகச் செய்வது மற்றொன்று. 1958 இல் விவசாயியும் செல்வந்தர் மைந்தரும் ஒரே மாதிரிக் காரில் அமர்த்தப்பட்டபோதும், எழுபதுகளில் சின்னஞ்சிறு இம்ப் கார் சம்பியனானபோதும், 1991 இல் ஒரே வகுப்பு வந்தபோதும் தெரிவு செய்யப்பட்டது இரண்டாவது வழியே.

வரும் பருவகாலத்தின் முதல் ஓட்டத்தைப் பார்க்கும் வாசகர்கள் முதலாவதாக வரும் காரை மட்டும் பார்க்க வேண்டாம் என்பேன். நடுவரிசையில், கடன்பட்டு, சிறு வியாபாரிகளின் விளம்பரத்தை ஒட்டிக்கொண்டு, குடும்பமே மெக்கானிக்குகளாக நிற்க ஓடும் சுயேச்சை அணிகளையும் பாருங்கள். பெரும் நிறுவனங்கள் வரும். இலாபம் குன்றியதும் போகும். போட்டி அடுத்த ஆண்டும் நடைபெறுமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் அந்த நடுவரிசையினரே. அவர்களின் எண்ணிக்கை குறையாதிருக்கும்வரை ரூரிங் கார் ஓட்டத்துக்கு மரணம் இல்லை.